முறைப்பெண் மறுத்த வீடு: கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2024 பொங்கலுக்கு அந்தப் பெண் ஊருக்கு வரவில்லை. காணும் பொங்கலன்று அவளுக்கும் அவளுடைய தாய்மாமனுக்கும் வெற்றிலை பாக்கு மாற்றுவதாக இருந்தது. ஓசூர் பக்கம் செல்போன் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே விடுதியில் தங்கல். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு போனை அணைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து மாமன் விடுதி வாசலில் போய் நின்று சத்தம் போட்டான். காவலாளி உள்ளே விடவில்லை. வேடிக்கை பார்த்தவர்களில் யாரோ அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட, தை முடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துபோனது.

குடும்பச் சிக்கல்களில் ஆலோசனை சொல்லும் எங்களிடம் வந்தது பெண்ணின் அம்மா. மகளிர் குழு வழியாக ஏற்கெனவே பழக்கம். "என் அம்மாவுக்கும் என் பொண்ணுக்கும் நடுவுல நான் மாட்டிக்கிட்டேன், வந்து பேசுங்க" என்றார். குடும்பத்தாரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஊர், சாதி, பெயர் எதுவும் இதில் இல்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

குடும்பம்

ஆயாவுக்கு, அதாவது அந்தப் பெண்ணின் அம்மாவைப் பெற்றவருக்கு, 66 வயது. கணவர் போய் ஆறு வருடம். மூன்று ஏக்கர் மாந்தோப்பு, பெரும்பாலும் பெங்களூரா, ஓரத்தில் நாலைந்து செந்தூரா. பட்டா இன்னும் கணவர் பெயரில்தான். மூத்தவர் மகள், 42 வயது. அவர்தான் எங்களிடம் வந்தவர். அவருக்குப் பின் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. பதின்மூன்று வருடம் கழித்துப் பிறந்த மகனுக்கு 29 வயது. மினி லாரி வைத்திருக்கிறான். சீசனில் கூழ் ஃபேக்டரிக்கு மாங்காய் ஏற்றுவான், மற்ற நாளில் செங்கல், ஜல்லி. மருமகன் பெங்களூரில் கட்டட மேஸ்திரி. சனிக்கிழமை ராத்திரி வருவார், திங்கள் விடியற்காலை போய்விடுவார். பேத்திக்கு 22. பர்கூர் அரசு மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்தவள்.

அக்கா மகளைக் கட்டுவது இந்தப் பக்கத்தில் யாரும் புருவம் உயர்த்துகிற விஷயம் அல்ல. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் தாய்மாமனும் அக்கா மகளும் மணப்பதைத் தடை செய்யப்பட்ட உறவுகளில் சேர்த்திருக்கிறது. ஆனால் வழக்கம் இருக்கும் இடத்தில் செல்லும் என்று விலக்கும் அதே சட்டத்திலேயே உண்டு. அந்த விலக்கில்தான் நம் ஊர்க் கல்யாணங்கள் நிற்கின்றன. பெண் பெரியவளானபோது பச்சை ஓலைக் குடிசை கட்டியது, தட்டு எடுத்து வந்தது, பட்டும் அரைப் பவுன் மோதிரமும் போட்டது எல்லாம் இந்த மாமன்தான். அப்போது அவனுக்கே இருபதுதான் இருக்கும். அதற்காக ஆயா தன் தோட்டை அடகு வைத்தார்.

ஆயா சொன்னது

மாசி மாதம் போனோம். புளி சீசன். திண்ணையில் கோணிப்பை விரித்து, சின்ன இரும்புச் சுத்தியால் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நிப்பட்டு ஒரு தட்டில் வந்தது, காபி வந்தது, ஆனால் ஆயா தலையைத் தூக்கவில்லை. பேசவே மாட்டார் போல என்று நினைத்த நேரத்தில், சுத்தியை நிறுத்தாமலே தொடங்கினார்.

"பொண்ணைக் கட்டிக் குடுத்தோம், நகை போட்டோம், சீர் செஞ்சோம். இப்ப அவ பொண்ணு இந்த வீட்டுக்கு வந்துட்டா கணக்கு நேராயிடும் கண்ணு. வெளியில இருந்து ஒருத்தி வந்தா எனக்கு ஒரு சொம்பு தண்ணி குடுப்பாளா? இவ என் கையில வளர்ந்தவ. என்னைத் தள்ள மாட்டா."

இதைக் கேட்டுவிட்டு "பழைய காலத்து மனுஷி, புரியவைக்க வேண்டும்" என்று எழுதிக்கொள்கிற ஆலோசகர்கள் நிறையப் பேர். எனக்கு அந்தப் புரியவைப்பில் நம்பிக்கை இல்லை. ஆயா பேசியதில் சாமி, சாத்திரம், குலப்பெருமை ஒன்றுமே வரவில்லை. நிலம் வந்தது, நகை வந்தது, தண்ணீர்ச் சொம்பு வந்தது. அவரைப் பொறுத்தவரை இந்தக் கல்யாணம் ஒரு ஏற்பாடு. தோப்பு துண்டாகாது. மகள் பங்கு கேட்க மாட்டாள், ஏனென்றால் அது அவள் பெண்ணுக்கே வருகிறது. படுத்துவிட்டால் பார்க்க ஆள் உண்டு. இதோடு ஆயா வாயால் சொல்லாத ஒன்றும் இருந்தது: மகனுக்குப் பெண் கிடைக்கவில்லை.

இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2001 கணக்கெடுப்பில், கிருஷ்ணகிரி பிரியாத அன்றைய தர்மபுரி மாவட்டத்தில், ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1000 ஆணுக்கு 826 பெண்தான். பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் தர்மபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்ததென்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் ஆண் பிள்ளையாக எண்ணப்பட்டவர்கள்தான் இப்போது பெண் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இந்த மாமனும் அதில் ஒருவன். இருக்கிற பெண்களோ படித்துவிட்டு ஓசூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். "விவசாயம், லாரி" என்றதும் தரகரே அடுத்த ஜாதகத்தை எடுத்துவிடுகிறார். முந்தின தலைமுறை செய்த ஒன்றுக்கு இந்தத் தலைமுறைப் பெண்ணிடம் வட்டியோடு வசூல் நடக்கிறது. இதை ஆயாவிடம் நான் சொல்லவில்லை. இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பேத்தி சொன்னது

ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு பேக்கரியில் அவளைப் பார்த்தோம். நைட் ஷிப்ட் முடித்து வந்திருந்தாள், கண் சிவந்திருந்தது. எல்லோரும் கேட்ட கேள்வியை நாங்கள் கேட்கும் முன்பே பதிலைச் சொல்லிவிட்டாள்: "யாரும் இல்லை. லவ் எல்லாம் ஒண்ணுமில்லை. மாமாவைப் பிடிக்காதுன்னும் இல்லை. என்னைத் தூக்கி வளர்த்தவரு. எப்படிப் புருஷனா நினைக்கிறது?"

ஒரு பெண் மறுத்தால் பின்னால் ஒரு பையன் இருந்தே ஆக வேண்டும் என்று வீட்டில் முடிவே கட்டியிருந்தார்கள். அவளுடைய விடுதி அறையில் நடந்த பிறந்தநாள் கேக் படத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று சித்தப்பா ஒருவர் பெரிதாக்கிப் பார்த்தாராம்.

இனி, உண்மையில் எங்கே உடைந்தது என்பதற்கு வருகிறேன். தீபாவளிக்கு வந்திருந்தபோது பேத்தி ஆயாவிடம் அறிவியல் பேசியிருக்கிறாள். சொந்தத்தில் கட்டினால் குழந்தை ஊனமாகப் பிறக்கும், செத்தே பிறக்கும் என்று யூடியூபில் ஒரு டாக்டர் பேசிய வீடியோவைப் போட்டுக் காட்டினாள். அறிவியல் தவறில்லை. மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மரபணுக்களில் கால் பங்கு பொது; அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்கு ஒரே முன்னோரின் மரபணு இருபுறமும் ஒன்றாக வந்து சேரும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒன்று. மறைந்து கிடக்கும் ஒரு குறைபாடு வெளிப்படும் வாய்ப்பு இதனால் கூடுகிறது.

ஆனால் ஆயாவும் தாத்தாவும் அத்தை மகன், மாமன் மகள். தங்காத இரண்டு குழந்தைகள் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். வீடியோ முடிந்ததும் ஆயா கேட்டாராம்: "அப்ப அந்த ரெண்டையும் நான்தான் கொன்னேன்ங்கறியா?" பேத்தி பதில் சொல்லத் தெரியாமல் "பட்டிக்காட்டுப் பேச்சு" என்று ஏதோ சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கிறாள். அன்றைக்கு வரை "அவளுக்கு இஷ்டமில்லைன்னா பார்க்கலாம்" என்றிருந்த ஆயா, அதற்கப்புறம்தான் பிடிவாதமானார். இதை அம்மாவே பிறகு உறுதிப்படுத்தினார்.

இளையவர்கள் தங்கள் பக்கம் நியாயம் இருக்கும்போது அதைக் கையில் கிடைத்த கல்லாக எறிந்துவிடுகிறார்கள். அது யார் மேல் போய் விழுகிறது என்று பார்ப்பதில்லை. எங்களோடு வந்த செவிலியர் ஒருவர் ஆயாவிடம் தனியாக உட்கார்ந்து பேசினார். 1980-களின் தொடக்கத்தில் நம் நாட்டில் பிறந்த 1000 குழந்தைகளில் 100-க்கு மேல் ஒரு வயதுக்குள்ளேயே போய்விட்டன. சொந்தத்தில் கட்டாதவர்கள் வீட்டிலும் பேதியிலும் காய்ச்சலிலும் ஜன்னியிலும் போயின. அந்த இரண்டும் எதனால் போயின என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆயா "ஒண்ணுக்கு மூணு நாள் காய்ச்சல்" என்று மட்டும் சொன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் புளி தட்டும் சத்தம்தான்.

மாமன்

மாமனைத் தோப்பில் பிடித்தோம். விடுதி வாசலில் கத்தியதைப் பற்றிக் கேட்டதும் தலை குனிந்தது. "எனக்கும் இது வேணாம்ங்க" என்றான், இரண்டாவது வார்த்தையிலேயே. "அம்மா சொல்லுச்சு. வேற இடத்துல கேட்டு எல்லாம் தட்டிப் போச்சு. இப்ப அக்கா பொண்ணும் வேணாம்னா, சொந்த அக்கா பொண்ணே வேணாம்னுட்டாளாம்னு ஊர் பேசும். அதுக்கு மேல யார் எனக்குப் பொண்ணு குடுப்பா?"

ஆக, கல்யாணம் செய்துகொள்ள வேண்டிய இருவருக்குமே அது வேண்டாம். இருவரும் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. கேட்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியும். குடும்பங்களில் இது சாதாரணம்.

என்ன செய்தோம்

வழக்கம் நல்லதா கெட்டதா என்ற பேச்சையே எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். அந்த வழக்கம் இந்த வீட்டில் செய்துகொண்டிருந்த வேலைகளை இனி யார், எப்படிச் செய்வது என்று மட்டும் கேட்போம் என்பதுதான் திட்டம். இந்த ஆய்வில் சொல்லத்தக்கதாக எனக்குத் தோன்றுவது இந்த ஒன்றுதான்.

முதல் கதவு எதிர்பாராத இடத்தில் திறந்தது. ஆயாவுக்கு அப்போது மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வந்துகொண்டிருந்தது. அவரிடம் இருப்பது பட்டன் போன், எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அதனால் வங்கிக் கணக்கில் பேத்தியின் நம்பரைக் கொடுத்திருந்தார்கள். மாதா மாதம் மெசேஜ் வந்ததும் அவள் கூப்பிட்டு "ஆயா, பணம் ஏறிடுச்சு" என்பாள். சண்டைக்குப் பிறகு இரண்டு மாதம் அந்த போன் வரவில்லை. ஆயா பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போய்க் கேட்டிருக்கிறார். "பணம் வந்துச்சான்னு கேக்கப் போகல கண்ணு" என்றார் எங்களிடம், "அவ நம்பரை மாத்திட்டாளான்னு கேக்கப் போனேன்." இதைப் பேத்தியிடம் அப்படியே சொன்னோம், கூடக் குறைய இல்லாமல். அந்த மாதம் 15-ஆம் தேதி அவள் கூப்பிட்டாள். பணம் ஏறியதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லையாம். போதும்.

அடுத்தது நிலம். இதற்கு ஒரு வக்கீலை வீட்டுக்கே கூட்டிப்போனோம். ஆயா நினைத்துக்கொண்டிருந்தது, சீர் செய்து கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கு கிடையாது, ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினால் முடிந்தது என்று. தமிழ்நாட்டில் 25.3.1989 முதலே, அந்தத் தேதிக்கு முன் கல்யாணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. அன்று இந்த அம்மாவுக்கு ஏழு வயது. 2005-ல் மத்திய சட்டமும் அதேபோலத் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. பூர்வீகமா, சுயசம்பாத்தியமா என்பதைப் பொறுத்து ஆயாவின் பங்கு கூடும் குறையும். மகள் பங்கும் மகன் பங்கும் இரண்டிலும் சமம்.

ஆயா தன் மகளைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. "நீ கேப்பியா?" அம்மா உடனே பதில் சொல்லவில்லை. "கேக்கமாட்டேன்னு கையெழுத்துப் போடச் சொல்லாத. அவ்வளவுதான்" என்றார். இருபது வருடமாக அடக்க ஒடுக்கமாக இருந்த நடுத் தலைமுறை பேசிய ஒரே வாக்கியம் அதுதான். தலைமுறைச் சண்டை என்றால் தாத்தா பாட்டியையும் பேரன் பேத்தியையும்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். இரண்டு பக்கத்து அடியையும் வாங்குகிறவர்கள் நடுவில் சத்தமில்லாமல் இருக்கிறார்கள்.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார். கல்யாணம் முடிந்ததும் தன் பங்கையும் மகன் பேருக்கு எழுதிவிடுவதாக ஆயா இருந்தார். எழுதுவதென்றால், சாப்பாடும் மருத்துவமும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பார்க்காமல் விட்டால் 2007-ஆம் ஆண்டின் முதியோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் போய் ரத்து செய்யலாம் என்றார். மகன் முகம் சுருங்கியது. ஆயாவுக்கோ அது பிடித்திருந்தது. தண்ணீர்ச் சொம்புக்கு வேறு ஒரு வழி இருக்கிறது என்று முதன்முதலாகத் தெரிந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

சித்திரை கடைசியில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தோம். பேத்தி வந்தாள். ஆயாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து சீர் எழுதிய நோட்டு வந்தது. அதோடு ஒரு பழைய பாஸ்புக்கும் வந்தது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதலில் தொடங்கப்பட்டது தர்மபுரி மாவட்டத்தில்தான். ஆயா அதன் ஆரம்ப காலத்துச் சங்கம் ஒன்றில் இருந்தவர். கையெழுத்துப் போடக் கற்றதும் அங்கேதான். தனியாக பஸ் ஏறி பேங்குக்குப் போனதற்காக மாமியார் ஒரு நாள் முழுக்கச் சோறு போடவில்லையாம்.

பேத்திக்கு இது எதுவும் தெரியாது. பாஸ்புக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ராத்திரி மீட்டிங்குக்கெல்லாம் போவியா ஆயா?"

"போவேன். உங்க தாத்தா லாந்தரை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வருவாரு."

"அப்ப நான் நைட் ஷிப்ட் போனா மட்டும்?"

"அது வேற" என்றார் ஆயா, ஒரே வெட்டு. எல்லோரும் சிரித்தார்கள். அவர் விட்டுக்கொடுக்கவில்லை, இன்றுவரை இல்லை.

கல்யாணப் பேச்சை முடித்து வைத்தது மாமன். அதைத்தான் அவனிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம்: மறுப்பு அவன் வாயிலிருந்து வரட்டும். "அக்கா பொண்ணு எனக்கும் பொண்ணுதான். அவளுக்கு நான் மாலை எடுத்துக் குடுக்குற மாமனா இருக்கேன்" என்று பங்காளிகள் இருவரை வைத்துக்கொண்டு சொன்னான். பேத்தி அழுதுவிட்டாள். விடுதி வாசலில் கத்தியதற்கு அவன் மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் கேட்கச் சொல்லவில்லை. கேட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

எங்கே இது செல்லாது

இந்த முறையை எல்லா வீட்டுக்கும் எடுத்துப்போகக் கூடாது. பெண்ணுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் திண்ணைப் பேச்சுக்கே இடமில்லை. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன், 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், அவ்வளவுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் அந்த போன் இன்னமும் தேவைப்படுகிறது. மறுப்புக்குப் பின்னால் சாதி மாறிய காதல் இருந்தால் "பெரியவர்களோடு உட்கார்ந்து பேசலாம்" என்று பெண்ணை ஊருக்கு அழைத்து வருவதே ஆபத்து. 2023-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்த ஆணவக் கொலைகளுக்குப் பிறகு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த வீட்டில் பேச முடிந்ததற்குக் காரணம், ஒருவருக்கொருவர் கோபம் இருந்ததே தவிர, கை ஓங்கும் ஆள் யாரும் இல்லை. பேத்தி கையில் சம்பளமும் இருந்தது. சம்பளம் இல்லாத பெண் என்றால் அந்தப் பொங்கலுக்கு வராமல் இருந்திருக்கவே முடியாது.

இப்போது

பேத்தி அதே வேலையில் இருக்கிறாள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறாள். ஆயாவின் கண்புரை அறுவைக்கு அவள்தான் லீவு போட்டுக் கூட நின்றாள். அப்பா மட்டும் மச்சானிடம் வாங்கிய கடனைத் திருப்பித் தரும்வரை அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று இருக்கிறார். கல்யாணம் நடந்திருந்தால் அந்தக் கடன் பேச்சில்லாமல் கரைந்திருக்கும். இதை முன்பே யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

பாகப்பிரிவினை இன்னும் பதிவாகவில்லை. வாரிசுச் சான்றிதழ் வந்துவிட்டது, ஆனால் அடுத்த சீசனில் பெங்களூரா விலை விழுந்ததில் பத்திரச் செலவுக்கு எடுத்து வைத்தது லாரித் தவணைக்குப் போய்விட்டது. மாமனுக்கு இரண்டு இடம் வந்து, "தோப்புல அக்காவுக்கும் பங்கு உண்டாமே" என்று விசாரித்துவிட்டுப் பின்வாங்கின. ஆயா அதற்கு மகளைத்தான் திட்டுகிறார். மகளோ தோப்பை விற்கவும் மாட்டேன், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்தும் போட மாட்டேன் என்று நிற்கிறார். தன் பங்கைத் தம்பியே குத்தகைக்கு ஓட்டட்டும், காய்த்த வருடம் கொடுத்தால் போதும் என்பது அவர் சொல்லும் வழி. அதை எழுத்தில் போடலாமா, வாய்வார்த்தை போதுமா என்று பேச ஆடி கழித்து மறுபடியும் உட்காருவதாக இருக்கிறோம்.